சீனாவுக்குப் போகும் வியாபாரிக்கு எந்தச் சொல் முதலில் வேண்டும்?



யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் இருக்கும் எனது ஹார்ட்வெயார் கடையின் கல்லாவுக்குள் ஒரு சீனத் துண்டுச்சீட்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 2015ஆம் ஆண்டு, சீனாவின் யிவு நகரச் சந்தையில் 8,000 யுவான் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த சீட்டு அது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலட்சம் ரூபா. இன்றைய மதிப்பில் மூன்று இலட்சத்துக்கு மேல் வரும். அந்தப் பணம் திரும்பி வரவில்லை. அதற்குக் காரணம் ஒரேயொரு சீன எழுத்து.

நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் மூன்று சிறு கடைக்காரர்கள் சேர்ந்து, கதவுப் பிணைச்சல்கள் 40,000 யுவானுக்கு ஓர்டர் கொடுத்தோம். நூற்றுக்கு இருபது வீதம் முன்கூட்டிக் கேட்டார்கள். ஊருக்கு வந்ததும் கூட்டாளிகளில் ஒருவர் விலகிவிட்டார். மீதிப் பணத்தை எங்களால் கட்ட முடியவில்லை. “கொடுத்த அட்வான்ஸையாவது திருப்பித் தாருங்கள்” என்று கேட்டோம். “அது அட்வான்ஸ் அல்லவே” என்று மரியாதையாகப் பதில் வந்தது.

1990இல் வீடு வாசலை விட்டு வெளியேறி, புத்தளத்தில் வளர்ந்து, 2010இல் திரும்பி வந்து கைமாற்றுப் பணத்தில் கடை திறந்தவன் நான். அந்தத் தொகை எனக்குச் சிறிய தொகை அல்ல. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த என் மகன் தொலைபேசியில் ஒரு சீன அகராதியைத் திறந்து, சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “வாப்பா, ரெண்டு சொல் இருக்கு. சத்தம் ஒண்டுதான். எழுத்து வேற.”

ஒரே சத்தம், இரண்டு சட்டம்

அந்தச் சொல் ‘திங்-ஜின்’. இந்த ஒரே உச்சரிப்பில், தொனிகூட மாறாமல், இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்றின் முதல் எழுத்துக்குத் தலையில் கூரை போட்டிருக்கும். மற்றதன் முதல் எழுத்துக்கு இடப்பக்கத்தில் ‘பேச்சு’ என்பதைக் குறிக்கும் சிறிய குறி இருக்கும்.

கூரை போட்டது நமது அச்சாரம். வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். 2021 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சீனச் சிவில் சட்டக் கோவையின் 586ஆம், 587ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. ஒப்பந்தத் தொகையில் 20 வீதத்துக்கு மேல் அச்சாரமாகக் கொள்ள முடியாது என்பதும் அங்கே உண்டு. இந்த விதி அதற்கு முந்திய சட்டங்களிலும் இருந்ததுதான். பேச்சுக் குறி போட்டதோ வெறும் முற்பணம். வியாபாரம் நடக்காவிட்டால் பொதுவாகத் திருப்பிக் கேட்கலாம்.

எனது சீட்டில் கூரை இருந்தது. நான் “அட்வான்ஸ்” என்றேன், மொழிபெயர்த்தவர் “திங்-ஜின்” என்றார், கடைக்காரர் தனக்குச் சாதகமானதை எழுதினார். யாரும் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று. ஆங்கில விளக்கத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் ‘டெபாசிட்’, ‘டவுன் பேமென்ட்’ என்று பெரும்பாலும் கலந்துதான் கிடைக்கும். ஆனால் நமது வியாபாரத் தமிழில் அச்சாரம் வேறு, முற்பணம் வேறு என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். ஆகவே அகராதியில் நமது சொல்லை நாமே எழுதிவைத்தால், அது அச்சிட்ட விளக்கத்தைவிட நமக்கு நன்றாக உதவும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அகராதியும் தேர்வுப் பட்டியலும்

என் மகன் திறந்தது ‘பிளெக்கோ’ என்ற செயலி. மைக்கேல் லவ் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. அண்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் கிடைக்கும். அகராதி இலவசம். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். சீன எழுத்தை விரலால் எழுதியும் தேடலாம், பின்யின் எனப்படும் ஆங்கில எழுத்து உச்சரிப்பைத் தட்டியும் தேடலாம். ஞாபக அட்டைகள் செய்யும் பகுதிக்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கொடுக்க விரும்பாதவர்கள் ‘அங்கி’ என்ற செயலியைப் பயன்படுத்தலாம். அது கணினியிலும் அண்ட்ரொய்டிலும் இலவசம்.

இப்படிப்பட்ட செயலிகளில் ‘எச்.எஸ்.கே.’ என்ற சீன மொழித் தேர்வின் சொற்பட்டியல்களை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். 2010ஆம் ஆண்டு முறையில் ஆறு படிகள்: முதலாம் படிக்கு 150 சொல், இரண்டாம் படிக்கு 300, பிறகு 600, 1,200, 2,500, 5,000. 2021இல் ஒன்பது படிகள் கொண்ட புதிய தரம் வந்தது. அதில் முதலாம் படிக்கே 500 சொல், கடைசிப் படியில் எல்லாம் சேர்த்து 11,092. ஆகவே பட்டியலை இறக்கும்போது அது எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் முதலாம் படியிலிருந்து ஒழுங்காகத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் எனக்குப் பூனை தெரியும், நாய் தெரியும், அப்பிள் தெரியும். விலைக்கழிவு தெரியாது. பழைய முறையில் ‘வாங்கு’ என்பது முதலாம் படி, ‘விற்பனை செய்’ இரண்டாம் படி, ‘விலைக்கழிவு’, ‘தரம்’ இரண்டும் நான்காம் படி, ‘ஒப்பந்தம்’, ‘விலைச்சிட்டை’ இரண்டும் ஐந்தாம் படி. அதாவது கையெழுத்துப் போடப்போகும் தாளில் உள்ள ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லைச் சந்திக்க, நான் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கடந்து போகவேண்டும்!

பட்டியலில் பிழை இல்லை. அது மாணவனுக்காகச் செய்த படிக்கட்டு. பல்கலைக்கழகம் போகும் பிள்ளை அந்த வழியே ஏறவேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் கன்பியூசியஸ் நிறுவனத்தில் முறையாகப் படிக்க வசதியுள்ள பிள்ளைகளை நான் அங்கேதான் போகச் சொல்வேன். ஆனால் ஆறு நாள் சந்தைக்குப் போய்வரும் வியாபாரிக்குப் படி வேறு. பணம் எந்த இடத்தில் நழுவுமோ, அந்த இடத்துச் சொல்தான் அவருக்கு முதற்படி.

நான் பிரித்த ஐந்து அடுக்குகள்

முதலாம் படியின் 150 சொற்களை நான் எறிந்துவிடவில்லை. ஒன்று முதல் பத்து, ‘எவ்வளவு’, ‘பணம்’, ‘வாங்கு’ எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மேலே ஐந்து அடுக்குகள் கட்டினேன்.

முதல் அடுக்கு, எண்ணும் அளவும். சீனர்கள் பெரிய தொகையை ‘வான்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு வான் என்றால் பத்தாயிரம். நமக்கு இலட்சம் பழக்கம் என்பதால் வாய் தடுமாறும். எனது அட்டையில் “பத்து வான் = ஒரு இலட்சம்” என்று எழுதியிருக்கிறேன். ‘ஜின்’ என்பது 500 கிராம். ஆணி, திருகாணி போன்றவற்றை நிறுத்து விற்கும்போது “ஜின் 12 யுவான்” என்றால் கிலோ 24 யுவான். கிலோவுக்குச் சொல் ‘கொங்-ஜின்’. முன்னால் உள்ள ‘கொங்’ காதில் விழாவிட்டால் கணக்கே பாதியாகிவிடும். சீட்டுகளில் தொகையை மாற்ற முடியாதபடி கடினமான எழுத்தில் எண்களை எழுதும் வழக்கமும் உண்டு, நாம் காசோலையில் தொகையை எழுத்தால் எழுதுவதைப் போல. அவற்றையும் இந்த அடுக்கில் சேருங்கள்.

இரண்டாம் அடுக்கு, விலை பேசுவது. ‘மாய்’ என்பதை மூன்றாம் தொனியில், அதாவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது. நான்காம் தொனியில், மேலிருந்து வெட்டினாற்போலச் சொன்னால் விற்பது. வாங்கும் எழுத்தின் தலையில் ஒரு கூட்டல் குறி வைத்தால் விற்கும் எழுத்து. விலைக்கழிவில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘பா ஜெ’ என்று பலகையில் ‘எட்டு’ போட்டிருந்தால் எட்டு வீதக் கழிவும் அல்ல, எண்பது வீதக் கழிவும் அல்ல. பத்தில் எட்டுப் பங்கு விலை, அதாவது இருபது வீதக் கழிவு. எனது அட்டையில் “100க்கு 80 கொடு” என்றுதான் இருக்கிறது.

மூன்றாம் அடுக்கு, தாளும் பணமும். இரண்டு திங்-ஜின்களும் இங்கேதான். மீதிப் பணத்துக்கு ‘வெய்-குவான்’, விலைச்சிட்டைக்கு ‘ஃபா-பியாவ்’, மாதிரிக்கு ‘யாங்-பின்’. அகராதியில் ஓர் எழுத்தைத் தொட்டால், அந்த எழுத்து வரும் மற்றச் சொற்களையும் காட்டும். பேச்சுக் குறி போட்ட ‘திங்’கைத் தொட்டுப் பாருங்கள். ஓர்டர் சீட்டுக்கும் அதுதான், ஆகக் குறைந்த ஓர்டர் அளவுக்கும் அதுதான். ஒரு எழுத்தைப் பிடித்தால் நாலு சொல் கூட வரும்.

நான்காம் அடுக்கு, பொதியும் கப்பலும். பெட்டி, களஞ்சியம், கொன்டெய்னர், சரக்கு ஒப்படைக்கும் திகதி.

ஐந்தாம் அடுக்கு, அவரவர் சரக்கு. எனக்குப் பூட்டு, பிணைச்சல், தண்ணீர்க் குழாய். குழாய்க்குச் சீனத்தில் ‘ஷுய்-லொங்-தோ’, அதாவது தண்ணீர் யாளியின் தலை. ஒருமுறை கேட்டால் மறக்காது. துருப்பிடிக்காத உருக்குக்கு ‘பூ-ஷியு-காங்’. அந்த அட்டையில் “201 வேண்டாம், 304 கேள்” என்றும் எழுதியிருக்கிறேன். 201 ரகத்தில் நிக்கல் குறைவு. நமது உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலட்டை வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இந்த அடுக்கு வேறாக இருக்கும். அவர்கள் ‘ஹாய்-ஷென்’ என்ற சொல்லில் தொடங்கி, உலர்ந்தது, அளவு, ஈரப்பதம் என்று விற்பவர் பக்கத்திலிருந்து எழுதவேண்டும்.

பயணத்துக்கான ஒரு சிறு அடுக்கையும் சேருங்கள். ஹலாலுக்கு ‘சிங்-ஜென்’. அந்த இரண்டு எழுத்தையும் கண்ணால் பார்த்த உடனே அடையாளம் தெரியவேண்டும். ‘ரோ’ என்றால் இறைச்சி. ஆனால் எந்த இறைச்சி என்று சொல்லாமல் வெறுமனே ‘ரோ’ என்றால் சீனர்கள் பெரும்பாலும் பன்றியிறைச்சியையே கருதுவார்கள். இது தெரியாமல் “கோழி இல்லை, இறைச்சிதான்” என்று கேட்டுத் தவித்தவர்கள் உண்டு.

செயலிக்குள் ஏற்றும் முறை

இது கடினமான வேலை அல்ல. கணினியில் நோட்பேட் போன்ற வெறும் எழுத்துக் கோப்பைத் திறவுங்கள். ஒரு வரிக்கு ஒரு சொல். முதலில் சீன எழுத்து, பிறகு டேப் விசையை ஒருமுறை அழுத்திப் பின்யின், மறுபடியும் டேப், பிறகு தமிழில் உங்கள் பொருள். பின்யினில் ஒவ்வோர் அசைக்கும் பின்னால் தொனியின் எண்ணைப் போடவேண்டும். திங்-ஜின்னுக்கு நான்கும் ஒன்றும். ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே தனி வரியில் இரண்டு சாய்கோடு போட்டு அடுக்கின் பெயரை எழுதினால், பிளெக்கோ அதைத் தனிப் பிரிவாக எடுத்துக்கொள்ளும். கோப்பைச் சேமிக்கும்போது ‘யூ.டி.எஃப்.-8’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் சீனமும் தமிழும் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு தொலைபேசிக்கு அனுப்பி, அட்டைப் பகுதியில் இறக்குமதி செய்தால் சரி.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். இந்தப் பத்தியில் வாசிக்கும் வசதிக்காகத்தான் நான் தமிழில் எழுதியிருக்கிறேன். ஸீன், ஸாத், ஸா மூன்றையும் தமிழில் ‘ஸ’ என்று எழுதி ஓதிய பிள்ளையை நமது உஸ்தாத் விட்டுவைத்தாரா? மக்ரஜ் பார்த்துத் திருத்தினார் அல்லவா? சீனத்திலும் அப்படித்தான். நான்குக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் ‘ஸ’வும் ‘ஷ’வும் மட்டுமல்ல, தொனியும்தான். அகராதியில் ஒலியைத் தட்டிக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். சிறு வயதில் ஓதப் பழகிய காது நமக்கு இருக்கிறது. அது இதற்கும் உதவும்.

அட்டைகளை எந்த நாளில் எதைக் காட்டுவது என்பதைச் செயலியே பார்த்துக்கொள்ளும். நமது கடன் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகக் காசு தருபவரிடம் மாதம் ஒருமுறை போனால் போதும். இழுத்தடிப்பவர் வீட்டுக்குத் தினமும் போகவேண்டும். சரியாகச் சொன்ன சொல்லை நாள் கடத்திக் காட்டும், தவறிய சொல்லை மறுநாளே கொண்டுவந்து நிறுத்தும். எனது ஐந்து அடுக்கிலும் சேர்த்து 210 அட்டைகள். ஸுபஹுக்குப் பின் பதினைந்து நிமிடம், புதிய அட்டை நாளுக்கு ஐந்து மட்டும். மூன்று மாதத்தில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. இரண்டு வழியாகவும் சோதியுங்கள்: சீன எழுத்தைப் பார்த்துத் தமிழ் சொல்லவேண்டும், தமிழைப் பார்த்துச் சீனம் சொல்லவேண்டும். மூன்றாம் அடுக்கில் மட்டும் எழுத்தைப் பார்த்துச் சொல்வதை ஒருபோதும் விடாதீர்கள். திங்-ஜின்னைக் காதால் பிரிக்க முடியாது. கண்தான் பிரிக்கும்.

“கமெரா போதாதா நானா?”

கடைப் பையன்கள் இப்படிக் கேட்கிறார்கள். தொலைபேசியைக் காட்டினால் மொழிபெயர்க்குமே என்கிறார்கள். அச்சிட்ட எழுத்துக்கு அது உதவும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சந்தையில் ஓர்டர் சீட்டுகளைக் கையால் கிறுக்கித் தருபவர்கள் நிறைய. அதை வாசிப்பதில் கமெரா தடுமாறும். கூகுளின் சேவைகள் சீனப் பெருநிலத்தில் தடுக்கப்பட்டவை என்பதையும் மறக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கமெரா ‘டெபாசிட்’ என்று காட்டினால் அது அச்சாரமா முற்பணமா என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அதேபோல, 210 சொல் தெரிந்தவர் சீனம் தெரிந்தவர் அல்ல. நான் இன்றும் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். பெரிய ஒப்பந்தமென்றால் விடயம் தெரிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்திடுவதில்லை. சொல் தெரிந்ததால் என்ன பயன் என்றால், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரிகிறது.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டு திகதியிட்ட அந்தக் கல்லைக் கொண்டுவந்தது, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த செங் ஹெ என்ற சீனக் கடற்படைத் தலைவரின் பயணம். அதில் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கரையில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று விசாரித்து, கல்லைச் சீனாவிலேயே வெட்டி, கப்பலில் ஏற்றி வந்தார்கள். அறுநூறு ஆண்டுக்கு முன் அவர்கள் நமது எழுத்தைக் கற்றவரைத் தேடிப் பிடித்தார்கள். நாம் அவர்களுடைய இருநூறு சொல்லைக் கற்பது பெரிய காரியமா?

2018இல் மறுபடியும் யிவுக்குப் போனேன். வேறொரு கடையில் முற்பணம் கொடுக்கும்போது கடைக்காரர் சீட்டை நீட்டினார். கூரை போட்டிருந்தது. தொலைபேசியில் எனது அட்டையைத் திறந்து, பேச்சுக் குறி போட்ட எழுத்தைக் காட்டி, “இந்தத் திங்” என்றேன். அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு புதிய சீட்டு எழுதினார். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சரக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது.

அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகும் சகோதரர்கள் இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, கடந்த முறை எந்தெந்த இடத்தில் பணம் நழுவியது, எந்தச் சொல் விளங்காமல் தலையாட்டினீர்கள் என்று இருபது வரி எழுதுங்கள். அந்த இருபதுதான் உங்கள் முதலாம் படி. மீதியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு இன்ஷா அல்லாஹ் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் செயலிக்குள் ஏற்றிவிடலாம்.